சிசிலியின் சுவை தேடி

ஒரு நாட்டை அறிய விரும்புவார்க்கு வாயில்கள் இரண்டு. ஒன்று அந்நாட்டார் பேசும் மொழி. மற்றொன்று அவர்கள் உண்ணும் உணவு. முதல் வாயிலில் நுழைய ஆண்டுகள் பல வேண்டும். இரண்டாவது வாயிலோ பசித்தவர் எவருக்கும் திறந்தே கிடப்பதுபோல் தோன்றும். தோற்றந்தான் அவ்வாறு. விலை கொடுத்தால் எந்த ஊரிலும் உணவு கிடைத்துவிடும். அந்த மண்ணின் உணவு கிடைத்துவிடுமா என்பது வேறு கேள்வி.

இக்கேள்வியை நெஞ்சிற் சுமந்துகொண்டு, 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில், சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில் வந்திறங்கினார் பயணி ஒருவர். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். சொல்லிலும் சோற்றிலும் கலப்பு அவருக்கு ஆகாது. மாணவர் கட்டுரையில் வேற்றுமொழிச் சொல் ஒன்று தலைகாட்டினால் போதும். சிவப்பு மையால் வட்டமிட்டு, அதனருகே நல்ல தமிழ்ச்சொல்லை எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தச் சிவப்பு மைக்கு அஞ்சிய மாணவரும் உண்டு. பின்னாளில் அதற்காக நன்றி கூறிய மாணவரும் உண்டு.

சிசிலியின்மீது அவருக்கு ஆசை பிறந்தது ஒரு நாவலால். லாம்பெதூசா எழுதி, அவர் மறைந்தபின் 1958இல் வெளிவந்த 'சிறுத்தை' என்னும் அந்நூலில், சிசிலிக் கோமகன் ஒருவர் தம் விருந்தினர்க்குப் பரிமாறும் மாக்கரோனிப் பணியாரம் ஒன்று வருகிறது. கத்தி பட்டவுடன் மணம் பொங்கும் அந்தப் பணியாரத்தை இளமையில் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தவர், நாற்பதாண்டுகளாக அதை மறக்கவில்லை. கலப்பற்ற சிசிலி உணவை, சிசிலி மண்ணிலேயே, சிசிலியர் சமைக்க, ஒரு முறையேனும் உண்டுவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கையில் பத்து நாள்கள் இருந்தன. குறிப்பேடு ஒன்றும் இருந்தது.

முதல் இரவே ஏமாற்றம் காத்திருந்தது. பேராலயத்தை அடுத்த பெருந்தெருவில் ஓர் உணவகம். வாயிலில் நின்ற இளைஞர் போவோர் வருவோரை ஐந்து மொழிகளில் அழைத்துக்கொண்டிருந்தார். 'அசல் சிசிலி உணவு' என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகை வேறு. உணவுப் பட்டியல் பன்னிரண்டு பக்கம். ஒவ்வோர் உணவுக்கும் வண்ணப்படம். பயணி, தீவின் புகழ்பெற்ற மத்தி மீன் பாஸ்தாவைக் கேட்டார். வந்த தட்டில் தகர டப்பாவின் வாடை மாறாத மீன் துண்டுகள்; அவற்றைச் சூழ்ந்து கொழகொழவென்று பாலேடு; அதன் உச்சியில் துருவிய பாலாடைக்கட்டி ஒரு குன்றாகக் குவிந்திருந்தது. விலை மட்டும் அசலாக இருந்தது. பாதி உண்டு, பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் தங்கியிருந்த விடுதியை நடத்தியவர் எழுபது வயது கடந்த மூதாட்டி. நான்கு அறைகள் கொண்ட சிறிய விடுதி. பயணியும் பள்ளியாசிரியர் என்று அறிந்தது முதல் அவரை 'மாயெஸ்த்ரோ' என்றே அம்மையார் அழைத்தார். 'வாத்தியார் ஐயா' என்பதற்கு ஒப்பான சொல் அது. காலையில் இரவு நடந்ததைக் கேட்டவர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மீன் பாஸ்தாவின் மேல் பாலாடைக்கட்டியா, மாயெஸ்த்ரோ? என் அம்மா இருந்திருந்தால் அந்தச் சமையற்காரரைக் கடல்வரை துரத்தியிருப்பார்!"

பின்னர் அவரே நல்ல உணவகத்தின் அடையாளங்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னார். வாயிலில் ஆள் நின்று அழைக்கக் கூடாது. பட்டியல் ஒரு தாளுக்குள் அடங்க வேண்டும். அன்றன்றைக்குக் கையால் எழுதியிருந்தால் மிக நன்று. படம் இருக்கக் கூடாது. இரவு எட்டு மணிக்கு முன் அடுப்பு மூட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பருவமல்லாத பொருளைக் கேட்டால் 'இல்லை' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "இல்லை என்று சொல்லாத கடையில் எதுவுமே உண்மையாக இல்லை என்று பொருள்," என்றார் அம்மையார். பயணி அனைத்தையும் குறித்துக்கொண்டார்.

மீனையும் பாலாடைக்கட்டியையும் பற்றிய இந்தச் சினத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் இதே தீவின் கெலா என்னும் ஊரில் ஆர்க்கெஸ்திராத்தோசு என்னும் கிரேக்கப் புலவர் வாழ்ந்தார். எந்தக் கரையில் எந்த மீன் சிறந்தது, அதை எவ்வாறு சமைப்பது என்று செய்யுளிலேயே பாடி வைத்தவர் அவர். நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. பின்வந்த அத்தெனேயசு என்னும் நூலாசிரியர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. நல்ல மீனுக்கு உப்பும் எண்ணெயுமே போதும் என்பது அப்புலவரின் கொள்கை. சிரக்கூசா நகரத்துச் சமையற்காரரை நல்ல மீனின் அருகே விடாதீர், பாலாடைக்கட்டியைப் பூசிக் கெடுத்துவிடுவர் என்று அவர் எச்சரித்தார். சிரக்கூசாவும் சிசிலியில் உள்ள நகரமே! ஆகவே, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மீன்மேல் பாலாடைக்கட்டி இடும் சிசிலியரும் இருந்தனர். அதைக் கண்டு கொதித்த சிசிலியரும் இருந்தனர். எவர் மரபு அசல் மரபு? இந்தக் கேள்வி பயணியின் மனத்தில் ஒரு முள்ளாகத் தைத்தது. ஆயினும் அதை அப்போது அவர் பெரிதுபடுத்தவில்லை.

அம்மையாரின் சொற்படி மறுநாள் அவர் பல்லரோச் சந்தைக்குச் சென்றார். பலெர்மோவின் பழஞ்சந்தைகளுள் இன்றும் உயிரோடு விளங்குவது அது. கூரைத் துணிகளின் நிழலில், நீராவி எழும் அண்டாக்களுக்கும் மீன் பரப்பிய பலகைகளுக்கும் இடையே, வணிகர்கள் இராகம் போட்டுக் கூவுகின்றனர். அங்கே நின்றபடி உண்ணும் உணவே பலெர்மோவின் பொதுமக்கள் உணவு. கடலைமாவைக் கூழாகக் கிண்டி, தட்டில் பரப்பி, ஆறியபின் வில்லைகளாக நறுக்கி எண்ணெயில் பொரித்தெடுப்பது பனெல்லே. எள் தூவிய ரொட்டியைப் பிளந்து, இந்த வில்லைகளை உள்ளே அடுக்கி, எலுமிச்சை பிழிந்து தருகின்றனர். முதல் கடியிலேயே பயணியின் முகம் மலர்ந்தது. கடலைமாவும் எள்ளும் எண்ணெயும் அவருக்குப் புதியன அல்லவே!

அடுத்த கடையில் சுவரொட்டி ரொட்டி. கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லிய துண்டுகளாக்கி, பன்றிக் கொழுப்பில் புரட்டி, ரொட்டியில் வைத்துத் தருவர். எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அதற்குப் பெயர் 'மணமாகாதது'. ரிக்கோத்தாவும் துருவிய பாலாடைக்கட்டியும் சேர்த்தால் 'மணமானது'. இந்த உணவின் தொடக்கத்தைப் பலெர்மோவில் வாழ்ந்த யூதர்களோடு இணைத்துக் கூறுவது ஊர் வழக்கு. விலங்கறுக்கும் சமயக் கடமைக்குக் கூலியாகப் பணம் பெறலாகாது என்பதால், அவ்வேலை செய்தோர் உள்ளுறுப்புகளைப் பெற்று, அவற்றைச் சமைத்துக் கிறித்தவர்க்கு விற்றனர் என்பர். 1492இல் சிசிலியை ஆண்ட எசுப்பானிய மன்னரின் ஆணை யூதரைத் தீவிலிருந்து வெளியேற்றியது. மக்கள் போயினர், அவர்களுடைய ரொட்டி போகவில்லை.

அரிசி உருண்டை ஒன்றையும் பயணி அங்கே உண்டார். குங்குமப்பூ இட்டு வேகவைத்த சோற்றை ஆறவிட்டு, நடுவே கொத்திறைச்சியும் பட்டாணியும் பொதிந்து, உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொன்னிறமாகப் பொரிப்பது அது. பலெர்மோவில் அதன் பெயர் அரஞ்சினா, பெண்பால். தீவின் கிழக்கே கத்தானியாவில் அரஞ்சினோ, ஆண்பால். அங்கே உருவமும் உருண்டையன்று, கூம்பு. பெண்பாலா ஆண்பாலா என்று இரு நகரத்தாரும் ஓயாது வழக்காடுவர். 1583இல் புளோரன்சு நகரில் தோன்றிய குருசுக்கா என்னும் மொழிக் கழகத்திடமே இவ்வழக்குச் சென்றது. 2016இல் அக்கழகம் இரண்டும் சரியே என்று விடையளித்தது. இலக்கணம் தீர்த்து வைத்தாலும் வயிறு தீர்த்து வைக்குமா? வழக்கு இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

டிசம்பர் 13, புனித லூசியாவின் நாள். அன்று பலெர்மோ மக்கள் ரொட்டியும் பாஸ்தாவும் தொடுவதில்லை. 1646இல் கொடும்பஞ்சம் வந்தபோது இப்புனிதையின் நாளில் கோதுமைக் கப்பல் ஒன்று துறைமுகம் சேர்ந்ததாகவும், அரைத்து மாவாக்கும் அளவுக்குப் பொறுமையில்லாத மக்கள் கோதுமையை முழுமணியாகவே அவித்து உண்டதாகவும் மரபுக்கதை கூறும். அதன் நினைவாக அன்று அவித்த கோதுமையில் செய்த குச்சீயாவையும், அரஞ்சினாவையும் உண்பர்.

அரஞ்சினா என்றால் என்ன பொருள் என்று பயணி அம்மையாரிடம் கேட்டார். 'சிறிய ஆரஞ்சு' என்றார் அவர். ஆரஞ்சு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பது தமிழாசிரியராகிய பயணிக்கே தெரியும். இத்தாலியச் சொல்லுக்கு மூலம் அரபியின் நாரஞ்ச். அதற்கு மூலம் பாரசீகத்தின் நாரங்க். அதற்கும் முன்னே வடமொழியின் நாரங்கம். அந்த வடமொழிச் சொல்லும் திராவிட மொழியிலிருந்து பெறப்பட்டதாகலாம் என்று மொழியறிஞர் கருதுவர். தமிழின் நாரத்தையையும் மலையாளத்தின் நாரங்ஙயையும் சான்று காட்டுவர். எசுப்பானிய மொழி முதலெழுத்தாகிய நகரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இத்தாலிய மொழியில் அது முன்வரும் அடைச்சொல்லோடு கலந்து மறைந்துவிட்டது. பலெர்மோச் சந்தையில் கையில் எண்ணெய் ஒட்ட நின்று உண்ட சோற்றுருண்டையின் பெயரில் நாரத்தையின் வாசம்! பயணிக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதே நேரத்தில் சிறு கலக்கமும் தோன்றியது. கலப்பற்ற சிசிலியைத் தேடி வந்தவர் கையில் அகப்பட்டது நாரத்தை அல்லவா?

கலக்கம் நாளுக்கு நாள் வளர்ந்தது. மேற்குக் கரையில் உள்ள திராப்பானிக்குச் சென்றார். அங்கே பாஸ்தாவைக் காட்டிலும் பெருமை பெற்றது குஸ்குஸ். கோதுமை ரவையை அகன்ற மண்தட்டில் இட்டு, நீர் தெளித்துத் தெளித்து, விரல்நுனியால் சுழற்றி மணிமணியாகத் திரட்டுகின்றனர். பின்னர் ஆவியில் வேகவைத்து, பல வகை மீன் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை ஊற்றிப் பரிமாறுகின்றனர். வட ஆப்பிரிக்காவில் ஆட்டிறைச்சியோடு உண்ணும் உணவு கடலைக் கடந்ததும் மீனோடு உறவு கொண்டது. கி.பி. 827இல் அரபுப் படைகள் மசாரா கரையில் இறங்கின. 831இல் பலெர்மோ அவர்கள் வசமாயிற்று. 1072இல் நார்மானியர் அந்நகரைக் கைப்பற்றும்வரை ஆட்சி அவர்களுடையது. எலுமிச்சை, கசப்பு நாரத்தை, கரும்பு, கத்தரிக்காய் ஆகியவற்றையும், நீர்ப்பாசன முறைகளையும் இத்தீவில் பரப்பியவர்கள் அவர்களே. சிசிலியின் உழவர் நீர்த்தொட்டியைக் குறிக்க வழங்கும் ஜெப்பியா என்ற சொல்லும், எள்ளைக் குறிக்கும் ஜுஜ்ஜுலேனா என்ற சொல்லும் அரபி வழி வந்தவை.

பாஸ்தாவின் கதையும் இத்தகையதே. நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த அரபுப் புவியியலறிஞர் அல்-இத்ரீசி 1154இல் முடித்த நூலில், பலெர்மோவுக்கு அண்மையில் உள்ள திராபியா என்னும் ஊரில் 'இத்ரியா' என்னும் மாவிழைகள் ஏராளமாகச் செய்யப்பட்டு, கப்பல்களில் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டதைக் குறிப்பிடுகிறார். இத்தாலியின் அடையாளமாக உலகம் கருதும் உணவுக்குச் சிசிலியில் கிடைக்கும் அந்தப் பழைய சான்று அரபி மொழியில் இருக்கிறது.

கிழக்கே கத்தானியாவில் 'நோர்மா' பாஸ்தா உண்டார். பொரித்த கத்தரிக்காய், தக்காளிச் சாறு, துளசியை ஒத்த பசில் இலை, மேலே உப்பிட்டு உலர்த்திய ரிக்கோத்தாத் துருவல். கத்தானியாவில் 1801இல் பிறந்த பெல்லினி இயற்றி, 1831இல் மிலான் நகரில் அரங்கேறிய 'நோர்மா' இசைநாடகத்தின் பெயரையே இவ்வுணவு தாங்கி நிற்கிறது. சுவையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பயணியின் குறிப்பேடு வேறு கணக்குப் போட்டது. கத்தரிக்காய் ஆசியாவிலிருந்து வந்தது. தக்காளி அமெரிக்கக் கண்டத்தது. கொலம்பசுக்கு முன் சிசிலியர் எவரும் அதைக் கண்டதில்லை. தெற்கே மோதிக்காவில் விற்கும் சாக்லேட்டோ கொக்கோவால் ஆனது. எசுப்பானிய ஆட்சியின் வழி அமெரிக்காவிலிருந்து வந்தது. சர்க்கரை உருகாத அளவுக்கே சூடேற்றி அரைப்பதால், பல்லில் சர்க்கரை மணி நறநறவென்று கடிபடும். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் பாதுகாப்பும் அளித்தது.

இறுதி அடி நாவலின் பணியாரத்திற்கு விழுந்தது. சிசிலிக் கோமகன்களின் மாளிகைகளில் சமைத்தவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு முறையில் பயின்றவர்கள் என்றும், 'மொன்சியர்' என்ற பிரெஞ்சுச் சொல் திரிந்து 'மொன்சூ' என்று அவர்களுக்குப் பெயராயிற்று என்றும் பயணி அறிந்தார். நாற்பதாண்டுகள் நாவில் நீர் ஊறச் செய்த பணியாரத்திலும் அயலார் கை!

எட்டாம் நாள் பலெர்மோவுக்குத் திரும்பியவர் சோர்ந்திருந்தார். குறிப்பேட்டை அம்மையார் முன் விரித்து வைத்தார். "அம்மா, இது இந்தியாவினுடையது; இது அரபியருடையது; இது அமெரிக்காவினுடையது; சமையற்காரர் பிரெஞ்சு. உங்களுடையது என்று இத்தீவில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டார்.

அம்மையார் சினம் கொள்ளவில்லை. சிறிது நேரம் கழித்து, "பசி எங்களுடையது, மாயெஸ்த்ரோ," என்றார்.

பின்பு விளக்கினார். அத்தி தின்று கொழுத்த சிறு பறவைகளைப் பிரபுக்கள் குடலோடு சமைத்து உண்டனர். ஏழைக்குப் பறவை ஏது? மலிவான மத்தி மீனைப் பிளந்து, முள் நீக்கி, ரொட்டித்தூளும் உலர்திராட்சையும் பைன் விதையும் வைத்துச் சுருட்டி, வாலை மேல்நோக்கி நிறுத்திப் பறவைபோல் அடுக்கினர். அந்தப் பறவையின் பெயரையே அதற்கும் இட்டனர். பாஸ்தாவின் மேல் தூவப் பாலாடைக்கட்டி வாங்க முடியாதவர், பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்துத் தூவினர். மத்தி வாங்கவும் காசில்லாத நாளில், மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இட்டுச் சமைத்து, அதற்கு 'கடலில் இருக்கும் மத்தியோடு பாஸ்தா' என்று பெயர் சூட்டினர். மீன் இருக்கிறது, ஆனால் அது இன்னும் கடலை விட்டு வரவில்லை! வறுமையைச் சிரிப்பாக மாற்றிய அந்தப் பெயரைக் கேட்டுப் பயணியும் சிரித்தார். சிரித்த பின் நெடுநேரம் பேசவில்லை.

"வந்த பொருள் எவருடையதாகவும் இருக்கட்டும். அதை வைத்துப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பிய கை எங்களுடையது," என்றார் அம்மையார். பிறகு ஒரு தாளில் முகவரி எழுதிக் கொடுத்தார். "மார்ச்சு முடிகிறது. மலையில் காட்டுப் பெருஞ்சீரகம் தளிர்த்திருக்கும். கடலில் மத்தியும் வந்துவிட்டது. நாளை நண்பகல் இங்கே போங்கள்."

மறுநாள் சென்றார். சந்தைக்குப் பின்புறச் சந்து ஒன்றில் எட்டு மேசைகள் கொண்ட கடை. பெயர்ப் பலகையின் எழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. கதவில் சிறிய ஒட்டுத்தாள் ஒன்று. குண்டர் கூட்டத்திற்குக் கடைகள் மறைவாகக் கட்டி வந்த கப்பத்தை எதிர்த்து, 2004இல் பலெர்மோ இளைஞர்கள் ஓரிரவில் நகரெங்கும் தாள் ஒட்டித் தொடங்கிய 'அத்தியோபித்சோ' இயக்கத்தின் அடையாளம் அது. இக்கடை கப்பம் கட்டுவதில்லை என்று வெளிப்படையாக அறிவிக்கும் தாள். அதற்குரிய துணிவு எளிதன்று. உணவு உண்மையாக இருக்க வேண்டுமானால் கடையும் உண்மையாக இருக்க வேண்டும் போலும் என்று பயணி எண்ணினார்.

உள்ளே முதியவர்கள் பலர். எவர் கையிலும் பட்டியல் இல்லை. கரும்பலகையில் ஐந்து வரி. பாஸ்தா வந்தது. துளையுள்ள நீண்ட இழைகள், கரும்பச்சையாய் வெந்த காட்டுப் பெருஞ்சீரகம், உடைந்தும் உடையாமலும் மத்தி மீன், குங்குமப்பூவின் மஞ்சள், ஆங்காங்கே உலர்திராட்சையின் இனிப்பு, மேலே வறுத்த ரொட்டித்தூளின் மொறுமொறுப்பு. கடலும் மலையும் பாலைநிலத்து இனிப்பும் ஒரே கவளத்தில் கூடின. அரபியர் மசாராவில் இறங்கிய 827ஆம் ஆண்டில், கையில் அகப்பட்டவற்றைக் கொண்டு படைச் சமையற்காரர் ஆக்கிய உணவு இது என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, தட்டு காலியாயிற்று. தேடி வந்தது இதுதான் என்று பயணியின் நா ஐயமின்றிச் சொல்லிற்று.

சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்று பரிமாறிய பெண்ணிடம் சைகையால் கேட்டார். உள்ளிருந்து வெள்ளை மேலுடையில் கையைத் துடைத்தபடி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கருத்த முகம். பயணியை ஒரு கணம் உற்று நோக்கினார்.

"ஐயா தமிழோ?"

பயணிக்கு வாயடைத்துப் போயிற்று. தலையை மட்டும் அசைத்தார்.

"நான் யாழ்ப்பாணம், ஐயா. தொண்ணூற்றியொண்டில வந்தனான். இருபத்தெட்டு வருசமா இந்தக் குசினியிலதான் நிக்கிறன்."

1983க்குப் பின் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழருள் ஒரு பகுதியினர் பலெர்மோவில் குடியேறினர். வீட்டுவேலை, முதியோரைப் பேணுதல், உணவகப் பணி என்று வாழத் தலைப்பட்டனர். 1624இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவராகப் பலெர்மோ மக்கள் போற்றும் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரினோ மலைமேல் ஏறிச் செல்வோரில் இந்தத் தமிழரும் உளர். கத்தோலிக்கர் மட்டுமல்லர், இந்துக்களும் அம்மலை ஏறுகின்றனர். இச்செய்தியைப் பயணி எங்கோ படித்ததுண்டு. அவர்களுள் ஒருவர் சமைத்த உணவையே தாம் தேடி வந்த உணவாகக் கொள்வோம் என்று அவர் கனவிலும் கருதவில்லை.

"யார் கற்றுக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

"பழைய முதலாளியின்ர தாய். முதல்ல கோப்பை கழுவினன். பிறகு மீன் துப்பரவாக்கினன். பதினொரு வருசம் அந்த மனிசி சட்டிய என்ர கையில தரேல்ல. பக்கத்தில நிண்டு பார் எண்டுதான் சொல்லுவா. மார்ச் பிறக்காமல் இதைச் சமைக்கக் கூடாது எண்டது அவவின்ர கட்டளை. அவ போயிட்டா. கட்டளை இருக்குது."

"மிளகாய் சேர்க்கத் தோன்றவில்லையா?"

சமையற்காரர் சிரித்தார். மூலை மேசையில் தனியே உண்டுகொண்டிருந்த கிழவரைக் கண்ணால் காட்டினார். "வீட்டில போடுவன், ஐயா. இங்க போட்டனெண்டால் அந்தக் கிழவர் எழும்பிக் குசினிக்குள்ள வந்திடுவார். அம்பது வருசமா இதே மேசை. மனிசியின்ர கைப்பதம் மாறினால் அவருக்குத் தெரியும்."

அந்தக் கிழவர் தட்டின் அடியில் எஞ்சியிருந்த சாற்றை ரொட்டித் துண்டால் துடைத்து வாயில் இட்டுக்கொண்டு, சமையற்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு வேண்டியதில்லை.

பயணி அன்று மாலை நெடுநேரம் துறைமுகத்தில் அமர்ந்திருந்தார். எட்டு நாள்களாகத் தாம் கேட்டது தவறான கேள்வி என்று அவருக்குத் தோன்றிற்று. எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் எந்தத் தட்டும் எந்த ஊருக்கும் உரியதாகாது. யார் அதைப் பேணினார், எந்தக் கட்டுப்பாட்டோடு பேணினார், பிழை நேர்ந்தால் எழுந்து வந்து கேட்க எவர் இருக்கிறார் என்பவையே கேட்க வேண்டியவை. பெருந்தெருக் கடைக்காரர் சிசிலியிலேயே பிறந்தவராக இருக்கலாம். அவர் தட்டில் சிசிலி இல்லை. யாழ்ப்பாணத்தவர் பதினோராண்டுகள் சட்டியைத் தொடாது நின்று கற்றார். அவர் தட்டில் இருந்தது. அயலது என்பதற்காக ஒன்றைத் தள்ளுதல் எளிது. நம்முடையது என்று சொல்லத்தக்கவாறு ஒன்றைக் காத்தல் அரிது. கட்டுப்பாடின்றி எதையும் கலப்பதும், ஆராயாது எதையும் விலக்குவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

இரவு அறைக்குத் திரும்பியதும் அவர் குறிப்பேட்டைத் திறந்தார். 'யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் அவ்வுணவகத்தின் சமையலறையில்' என்று எழுதியவரின் கை நின்றது. அந்தச் சமையற்காரர் சொன்ன சொல் அதுவன்று. குசினி என்பது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். எத்தனை மாணவர் கட்டுரைகளில் அதை வட்டமிட்டு அடித்திருப்பார் அவர்! விடுதி அம்மையார் சமையலறையைக் 'குச்சீனா' என்று சொல்வதை எட்டு நாள்களாகக் கேட்டும் வந்தார். இரண்டும் இலத்தீன் என்னும் ஒரே தாயின் வழி வந்த சொற்கள். ஒன்று கீழைக்கடல் தாண்டி யாழ்ப்பாணம் போயிற்று, மற்றொன்று ஊரிலேயே இருந்தது. இப்போது இரண்டும் பலெர்மோவின் ஒரு சந்தில், ஒரே அடுப்பின் முன் சந்தித்துக்கொண்டன.

அவர் 'சமையலறையில்' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'குசினியில்' என்று எழுதினார். வட்டமிடவில்லை.